புதுப்பிப்பு: நெல்லுக் கணக்கு ஆப், ரியாக்ட்டா ஸ்வெல்ட்டா?

கிளிநொச்சியில ஒரு நெல்லு ஆலைக்குக் கணக்கு ஆப் செய்ய ரியாக்ட், ஸ்வெல்ட் எண்ட ரெண்டு பிரேம்வேர்க்கில (வெப் ஆப் கட்டுற ஜாவாஸ்கிரிப்ட் கருவிகள்) எதை எடுக்கலாம் எண்டு முந்திக் கேட்டிருந்தன், அரைவாசிப் பேர் ரியாக்ட் எண்டு சண்டையே பிடிச்சியள். கடைசியா ஸ்வெல்ட்தான் எடுத்தம். ரியாக்ட் 2013இல இருந்து இருக்கு, வேலை தெரிஞ்ச ஆக்களும் லேசாக் கிடைப்பினம், அதை மறுக்கேல்லை. ஆனா ஸ்வெல்ட் பில்ட் பண்ணேக்கயே கொம்பைல் ஆகிடும் (பிரவுசரில நேரடியா ஓடுற கோட்டா மாறிடும்), வேர்ச்சுவல் டொம் (பக்கத்தின்ர நகலை நினைவில வைச்சு ஒப்பிடுற முறை) சுமை இல்லை, இரணைமடுப் பக்கம் வயலுக்க நிண்டு பழைய போனில திறக்கிற சனத்துக்கு அது காணும்.

உண்மையில பிரேம்வேர்க்கை விடச் சிக்னல் இல்லாததுதான் பெரிய தலையிடி. சேர்விஸ் வேர்க்கரால (பிரவுசர் பின்னால ஓட்டுற ஸ்கிரிப்ட்) பக்கத்தைக் கேச் பண்ணி (போனிலயே சேமிச்சு), மூட்டைக் கணக்கை இன்டெக்ஸ்ட்டிபியில (பிரவுசருக்குள்ள இருக்கிற தரவுத்தளம்) வைச்சு, லைன் வந்தாப்பிறகு அனுப்புறம், ஒரே பதிவு ரெண்டுதரம் விழாம இருக்கப் போனிலயே ஒவ்வொண்டுக்கும் ஒரு யூயூஐடி (வேற எதோடயும் ஒத்துப்போகாத அடையாள எண்) குடுக்கிறம். ஐபோன் பிரவுசர் சஃபாரியில பக்ரவுண்ட் சிங்க் (ஆப் மூடியிருந்தாலும் லைன் வந்ததும் தானா அனுப்புற வசதி) இல்லை, அதால ஐபோன்காரர் ஆப்பைத் திறக்கேக்கதான் போகும் (வயலுக்க ஐபோன் குறைவுதான், தப்பிச்சம்).

ஆலைக்கார ஐயாவுக்கு உந்தச் சண்டை ஒண்டும் தெரியாது. "தம்பி, ஈரத்துக்குக் கழிக்கிறதையும் போட்டு விடு" எண்டார், இப்ப அதிலதான் நிக்கிறன். டெஸ்ட் பண்ண வாறம் எண்ட முல்லைத்தீவுப் பெடியள், லிங்க் இன்பொக்ஸில போட்டிருக்கிறன், பாருங்கோ.