போலீஸ் வயர்லெஸ்ஸைப் பூட்டிவிட்டார்கள்: பாலோ ஆல்டோ பக்கம் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். கலிஃபோர்னியாவில் ஒரு சிறு நகரத்தில் வசிக்கிறேன். காய் நறுக்கிக்கொண்டே ஸ்கேனரில் (பல அலைவரிசைகளைத் தேடிப் பிடிக்கும் ரேடியோ) போலீஸ் வயர்லெஸ் கேட்பது என் பல வருடப் பழக்கம். (வீட்டில் திட்டுவார்கள், அது வேறு கதை.) இப்போது எங்கள் ஊர் போலீஸ் அந்தப் பேச்சைக் குறியாக்கம் (encryption) செய்துவிட்டார்கள், ஒரு சொல்கூடக் கேட்பதில்லை. புதிய ஸ்கேனர் வாங்கினால் சரியாகிவிடும் என்று தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம். போலீஸிடம் உள்ள குறியாக்கச் சாவி இல்லாமல் எந்தக் கருவியும் அதைத் திறக்காது.

காரணம் கேட்டால், மாநில நீதித்துறை (நீதிமன்றம் அல்ல, Department of Justice என்ற அரசுத் துறை) அக்டோபர் 2020இல் அனுப்பிய சுற்றறிக்கையைக் காட்டுகிறார்கள். அதை நானே படித்தேன். பெயர், ஓட்டுநர் உரிம எண் போன்ற விவரங்களைக் காக்கத்தான் சொல்கிறது. முழுவதையும் குறியாக்கலாம், அல்லது அந்த விவரங்களை மட்டும் வேறு வழியில் அனுப்பலாம். இரண்டுக்கும் இடம் இருக்கிறது. எங்கள் ஊரில் மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டையே கொளுத்திவிட்டார்கள்.

இதே மாநிலத்தில் உள்ள பாலோ ஆல்டோ நகரப் போலீஸ் 2021 ஜனவரியில் பூட்டிய அலைவரிசையை 2022 செப்டம்பரில் மீண்டும் திறந்தது. அங்கே இருப்பவர்களிடம்தான் கேட்கிறேன்: நகர்மன்றத்தில் எந்த வாதம் எடுபட்டது? உரிம விவரங்களை இப்போது கைபேசியில் கேட்கிறார்களா, காரில் உள்ள கணினியில் பார்க்கிறார்களா? எங்கள் நகர்மன்றக் கூட்டம் அடுத்த செவ்வாய்க்கிழமை. எனக்குக் கிடைப்பது இரண்டே நிமிடம். அங்கே பேசிய அனுபவம் உள்ளவர்கள் இருந்தால், எதை முதலில் சொல்வது என்று எழுதுங்கள்.