மறு: அவெர்சிவ் ரேசிசம் – "அருவருப்பு" வேணாமே

எல்லாருக்கும் வணக்கம்,

நம்ம கலைச்சொல் பட்டியலுக்கு "அவெர்சிவ் ரேசிசம்"ங்கிற ஆங்கிலச் சொல்ல தமிழ்ல எப்படி சொல்றதுன்னு ஓடுற இழை கொஞ்சம் நீண்டுபோச்சு, இருந்தாலும் என் பங்குக்கு.

> அவெர்ஷன்னா அகராதியில அருவருப்பு, வெறுப்புன்னுதான் போட்டிருக்கு. "அருவருப்பு இனவாதம்"னு வெச்சுட்டு போலாமே?

அண்ணே, அகராதிப்படி சரிதான், ஆனா கருத்து தலைகீழா போயிடும். 1970ல ஜோயல் கோவெல்னு ஒரு அமெரிக்க அறிஞர் வெள்ளைக்காரங்க இனவாதத்த ரெண்டா பிரிச்சாரு, ஒண்ணு நேருக்கு நேர் அடக்கி ஆளுற ஆளு, இன்னொண்ணு "எனக்கு நிறமெல்லாம் கணக்கே இல்ல"ன்னு மனசார நம்புற ஆளு, ஆனா கறுப்பினத்தவர் பக்கத்துல வந்தா ஏதோ ஒரு நெருடல், உடனே நைசா நகந்துடுவான், இந்த ரெண்டாவதுதான் அவெர்சிவ். இவன்கிட்ட போயி உனக்கு அருவருப்புன்னு சொன்னா சத்தியமா இல்லம்பான், பொய்யும் சொல்லல. பின்னாடி இந்தக் கருத்த வளத்தது கேர்ட்னர், டொவிடியோங்கிற ரெண்டு உளவியலாளர்கள்.

கேர்ட்னர் நியூயார்க் ப்ரூக்ளின்ல, ரெண்டு கட்சிக்காரங்கள வெச்சு பண்ண ஆய்வ பாத்தா புரியும். ராங் நம்பர் மாதிரி வீட்டுக்கு ஒரு போன் வரும், "கராஜுக்கு போட்டேன், தப்பா வந்துருச்சு, வண்டி ரோட்ல நிக்குது, இன்னொரு போன் போட கையில காசு இல்ல, நீங்க கொஞ்சம் கராஜுக்கு சொல்றீங்களா"ன்னு. குரல வெச்சே பேசுறது கறுப்பினத்தவரா வெள்ளைக்காரரான்னு தெரிஞ்சிடும். பழமைவாதக் கட்சிக்காரங்க கறுப்பினக் குரலுக்கு உதவுனது கம்மி, அது எதிர்பாத்ததுதான். தாராளவாதக் கட்சிக்காரங்க விஷயம்தான் வேடிக்கை, முழுசா கேட்டவங்கள்ல நெறைய பேரு உதவிட்டாங்க, ஆனா கறுப்பினக் குரல்னா உதவி கேக்குறதுக்கு முன்னாடியே போன வெச்சது அவங்கதான் அதிகம். முடியாதுன்னு யாரும் சொல்லல பாருங்க, கேக்குற நெலமைக்கே போகல.

> கெட் அவுட் படத்த உதாரணமா போடலாம், எல்லாருக்கும் தெரிஞ்ச படம்.

இத நான் ஒத்துக்க மாட்டேன். அதுல கிறிஸ்னு ஒரு கறுப்பினப் பையன் வெள்ளைக்கார காதலியோட வீட்டுக்கு போறான். அந்த தோட்டத்து பார்ட்டியில யாரு ஒதுங்குறாங்க? ஒரு அம்மா கிறிஸோட கைய அமுக்கி பாக்குது, ஒருத்தர் டைகர் வுட்ஸ தெரியும்ங்கிறாரு, மாமனார் ஆகப்போறவர் ஒபாமாவுக்கு மூணாவது தடவையும் ஓட்டு போட்டிருப்பேங்கிறாரு. எல்லாம் வந்து வந்து ஒட்டிக்கிற கூட்டம், அந்த உடம்பு மேல ஆசைப்பட்ட கூட்டம். அதுக்கு வேற சொல் தேடணும், இதுல கொண்டாந்து கலக்க வேணாம்.

பொருத்தமான படம் 1967ல வந்த கெஸ் ஹூஸ் கமிங் டு டின்னர். அப்பா மேட் டிரேட்டன் வெள்ளைக்காரர், சான் ஃபிரான்சிஸ்கோ பத்திரிகை முதலாளி, எல்லாரும் சமம்னு சொல்லியே பொண்ண வளத்த மனுஷன். அவ கட்டிக்கப்போற கறுப்பின டாக்டர் ஜான் பிரென்டிஸ கூட்டிட்டு வர்றா. அப்பா பண்ற முதல் காரியம் ஆபீஸுக்கு போன் போட்டு பையன் யாரு எவருன்னு விசாரிக்கிறது. பதில் வருது, யேல், உலக சுகாதார நிறுவனம்னு அடுக்கிட்டே போறாங்க, எங்கயும் ஒரு ஓட்ட கெடைக்கல. இயக்குநர் ஸ்டான்லி கிரேமர் வேணும்னேதான் அப்படி குறையே இல்லாத மாப்பிள்ளையா வெச்சாரு, படம் வந்தப்ப இப்படி ஒரு ஆளு உலகத்துல உண்டான்னு கிண்டலும் அடிச்சாங்க, எனக்கென்னமோ படத்தோட பலமே அதுதான்னு தோணுது. ஏன்னா இந்த வகை ஆளுக்கு நிறம் தவிர வேற சாக்கு ஒண்ணு எப்பவும் வேணும். அது கெடைக்காதப்ப பழகி பத்து நாள்தான் ஆச்சு, பொறக்குற புள்ளைங்க கதி என்ன, ஊர் என்ன பண்ணுமோன்னு போறாரு. ஊரப் பத்தின பயம் முழுப் பொய்யும் இல்ல, அந்த வருஷம் ஜூன்ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்ற வரைக்கும் 16 மாநிலத்துல கறுப்பு வெள்ளை கலப்புக் கல்யாணம் சட்டப்படி குத்தம். சாக்குல பாதி உண்மை இருக்கறதாலதான் அவருக்கே அது சாக்குன்னு தெரியல.

அதே வருஷம், ஜானா நடிச்ச அதே சிட்னி பாய்ட்டியே நடிச்ச இன் த ஹீட் ஆஃப் த நைட்ல என்டிகாட்னு ஒரு பெரிய பண்ணைக்காரர், பசுமைக்குடில்ல ஆர்க்கிட் செடி பக்கத்துல நின்னு கறுப்பின டிடெக்டிவ பளார்னு அறையிறாரு, அடுத்த நொடி இவரும் திருப்பி அறையிறாரு. அது கோவெல் சொன்ன முதல் வகை, "ஆதிக்க இனவாதம்"னு நேத்து வந்த சொல்லே போதும்.

ரெண்டாவதுக்கு என் பரிந்துரை "ஒதுங்கல் இனவாதம்". டீச்சர் சொன்ன "தவிர்ப்பு இனவாதம்" கேக்க நல்லாருக்கு, ஆனா இனவாதத்த தவிர்க்கிறதுன்னு படிச்சிடுவாங்க. "மறைமுக"ன்னா தெரிஞ்சே மறைக்கிறான்னு ஆயிடுது. ஒதுங்குறது தன்வினை, ஒதுக்குறது பிறவினை, இந்த ஆளப் பொறுத்தவரை அவன் சும்மா ஒதுங்குனான் அவ்ளோதான், எதிர்ல நிக்கிறவனுக்கு அது ஒதுக்குனதா வந்து விழுது. ஆளக் குறிக்க ஒதுங்கல் இனவாதின்னு சொல்லிக்கலாம்.

> ஏன் இனவாதம்? தமிழ்நாட்டு பேப்பர்ல எல்லாம் இனவெறின்னுதானே எழுதுறாங்க.

வெறி புடிச்சவன் போன மெதுவா கீழ வெப்பானா? இலங்கைத் தமிழ்ல இனவாதம் ரொம்ப நாளா புழக்கத்துல இருக்கு, அதையே எடுத்துக்குவோம்.

இன்னொண்ணு பாக்கி இருக்கு. கோவெல் மூணாவதா மெட்டாரேசிசம்னு ஒண்ணு சொல்றாரு, தனி மனுஷனுக்கு பகையே இல்லாம அமைப்பே அத நடத்திட்டு போறது. "அமைப்புசார் இனவாதம்" ஏற்கனவே வேற ஒண்ணுக்கு குடுத்தாச்சு, மெட்டாவுக்கு "மீ" போட்டா மீயினவாதம்னு நாக்கு சுளுக்குது. யாராச்சும் நல்லதா ஒண்ணு அனுப்புங்க, பட்டியல மூட அது ஒண்ணுதான் நிக்குது.