சோர்ந்த ஊழியர்களுக்கான வேதபாடம்: உதவி தேவை

அனைவருக்கும் ஸ்தோத்திரம். கஷ்டத்திலும் சபை ஊழியத்தை விடாதவர்களுக்காக, வேதாகமத்தின் 1 இராஜாக்கள் 19-ம் அதிகாரத்தை வைத்து 45 நிமிட வேதபாடம் தயாரிக்கிறோம். சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்று சாக விரும்பிய எலியா தீர்க்கதரிசியை தேவன் கடிந்துகொள்ளவில்லை. முதலில் தூக்கம், தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போனபிறகுதான் தேவன் புது வேலை கொடுத்தார்; அவருக்குப் பின் தீர்க்கதரிசியான எலிசா துணைக்கு வந்ததும் அதோடுதான்.

நாமோ வரிசையைத் தலைகீழாக்கி, களைத்தவரிடம் முதலில் உபவாசம் இருக்கச் சொல்கிறோம். பாவம், அவர் சத்தமில்லாமல் விலகிவிடுகிறார்.

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு மாதம் ஒரு ஞாயிறு ஓய்வு தரும் சபைகள் இங்கே உண்டா? மாற்று ஆளை எத்தனை வாரம் பழக்குகிறீர்கள்? ஆள் வராத அன்று வகுப்பை யார் எடுப்பது? தயவுசெய்து விவரமாக எழுதுங்கள்.