லைவ் மைக்ரேஷன் பாதில "ராம் பிளாக் ரீசைஸ்டு"ன்னு நின்னுடுச்சு, நான் மெமரியைத் தொடவே இல்ல, உதவுங்க

கதிர்_ஹோஸ்ட்2 எழுதினது:

வணக்கம் எல்லாருக்கும். நேத்து ராத்திரி மெயின்டெனன்ஸ் நேரத்துல ஒரு டேட்டாபேஸ் விஎம்-ஐ (விர்ச்சுவல் மெஷின்) ஹோஸ்ட் 1-லேர்ந்து ஹோஸ்ட் 2-க்கு லைவா, அதாவது நிறுத்தாமலே, நகர்த்திட்டு இருந்தேன், பாதிக்கு மேல போனப்புறம் நின்னுடுச்சு, காலைலேர்ந்து லாக் பார்த்துப் பார்த்து எனக்குக் கண்ணு வலிக்குது, ஒண்ணும் பிடிபடல.

செட்டப் சொல்லிடறேன். ரெண்டு ஹோஸ்ட்டும் உபுண்டு 22.04, க்யூமூ (விஎம்-ஐ ஓட்டற சாஃப்ட்வேர்) 6.2, லிப்விர்ட் (அதை மேனேஜ் பண்றது) 8.0. விஎம் க்யூ35 மெஷின், 96 ஜிபி ராம், நுமா நோட் ரெண்டு, டிபிஎம் இருக்கு. மைக்ரேஷனுக்குன்னு தனியா 1 ஜிபிபிஎஸ் லைன். 1:50-க்கு விர்ஷ் மைக்ரேட் லைவ் ஆப்ஷனோட ஆரம்பிச்சேன். மைக்ரேஷன் எவ்வளவு போச்சுன்னு காட்டற டொம்ஜாப்இன்ஃபோ கமாண்டைப் பார்த்துட்டே உக்காந்திருந்தேன், பாக்கி 27 ஜிபி கிட்டன்னு காட்டினப்போ, அதாவது 2:01 இருக்கும், பட்டுன்னு ஃபெயில். சோர்ஸ் ஹோஸ்ட்ல அந்த விஎம்-ஓட க்யூமூ லாக்ல இருக்கற வரி இது:

"ராம் பிளாக் '/ரோம்@எடிசி/டேபிள்-லோடர்' ரீசைஸ்டு டியூரிங் ப்ரீகாப்பி."

அதே நேரத்துக்குக் கிட்ட லிப்விர்ட் லாக்ல இன்னொண்ணும் இருக்கு, "கேனாட் அக்வயர் ஸ்டேட் சேஞ்ச் லாக்"னு டைம்அவுட், லாக்கைப் பிடிச்சு வெச்சிருக்கறது மைக்ரேட் ஜாப்னு போட்டிருக்கு. எங்களுக்கு 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடற கிரான் ஸ்கிரிப்ட் ஒண்ணு உண்டு, கெஸ்ட்ல (அதாவது விஎம் உள்ள) சும்மா கிடக்கற மெமரியைப் பார்த்து செட்மெம் கமாண்ட் போட்டு பலூனை (கெஸ்ட் மெமரியை ஹோஸ்ட்டுக்குத் திருப்பித் தர்ற டிரைவர்) ஏத்தி இறக்கும். அதுதான் நடுவுல மெமரி சைஸை மாத்தி மைக்ரேஷனைக் கவுத்துடுச்சுன்னு எங்க டீம்ல சொல்றாங்க, ஸ்கிரிப்ட் நான் எழுதினது, அதனால கேள்வி எல்லாம் எங்கிட்டதான் வருது.

விஎம் இன்னும் ஹோஸ்ட் 1-லயே ஓடுது, ஆனா உள்ள டேட்டா ஏதாவது கெட்டுப் போயிருக்குமோன்னு மனசு அடிச்சுக்குது. இன்னிக்கு ராத்திரிக்குள்ள அந்த ஹோஸ்ட்டைக் காலி பண்ணியே ஆகணும், ஒரு டிம் ஸ்லாட்ல (ராம் கார்டு சொருகற இடம்) எரர் வந்துட்டு இருக்கு. யாராவது வழி சொல்லுங்க ப்ளீஸ்.

நெல்லை_லினக்ஸ்:

ப்ரோ, மொதல்ல அந்தக் கிரானை நிறுத்துங்க. பலூன் நடுவுல ஊதினா மைக்ரேஷன் போகாது, எனக்கும் இப்படி நடந்திருக்கு. அப்புறம் 96 ஜிபி-யை 1 ஜிபிபிஎஸ் லைன்ல அனுப்பறதே தப்பு, மெமரி முழுசையும் ஒரு தடவை அனுப்பற முதல் ரவுண்டுக்கே கால் மணி நேரம் ஆகும்.

பழைய_சர்வர்:

தம்பி, பலூன் மேல பழி போடாதீங்க. அது இல்ல.

லாக்ல பிளாக் பேரைப் பாருங்க. ராம் பிளாக்னா க்யூமூ பேர் வெச்சுப் பிரிச்சிருக்கற ஒரு மெமரித் துண்டு. கெஸ்ட்டோட ராம் பிளாக் பேரா இருந்தா வேற கதை. இங்க இருக்கறது டேபிள்-லோடர். அது ஏசிபிஐ டேபிள்களை (கெஸ்ட்டுக்கு என்னென்ன ஹார்டுவேர் இருக்குன்னு சொல்றது) பூட் பண்ற ஃபர்ம்வேருக்குக் கொண்டு சேர்க்கறதுக்கு க்யூமூ வெச்சிருக்கற ஒரு சின்னத் துண்டு மெமரி, உங்க 96 ஜிபி-க்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. பலூன் எவ்வளவு ஊதினாலும் ராம் பிளாக்கோட நீளம் மாறாது, உள்ள இருக்கற பக்கங்களைத்தான் ஹோஸ்ட்டுக்குத் திருப்பிக் குடுக்கும். அதனால "ரீசைஸ்டு"ங்கற இந்த எரர் பலூனால வரவே வராது. உங்க செட்மெம்-ஐ லிப்விர்ட் கேட்லயே நிறுத்திடுச்சு, மைக்ரேட் ஜாப் ஓடறப்போ மாத்தற வேலை எதையும் உள்ள விடாது, 30 செகண்ட் காத்திருந்து பார்த்துட்டு அந்த லாக் எரரைத் திருப்பி அடிச்சிருக்கு. க்யூமூ வரைக்கும் போய்ச் சேரவே இல்ல.

இப்ப எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும். ஒண்ணு, ராத்திரி ரெண்டு மணிக்கு கெஸ்ட் ரீபூட் ஆச்சா? உள்ள போயி அப்டைம் பாருங்க. இன்னொண்ணு, கெஸ்ட் கடைசியா பூட் ஆனதுக்கு அப்புறம் ஏதாவது ஹாட்ப்ளக் (ஓடிட்டு இருக்கறப்பவே டிவைஸ் சேர்க்கறது) பண்ணீங்களா?

கதிர்_ஹோஸ்ட்2:

அண்ணா, இப்பதான் பார்த்தேன், அப்டைம் கணக்குப் போட்டா 2:01-க்கு பூட் ஆகியிருக்கு!! எனக்குத் தெரியவே தெரியாது. டேட்டாபேஸ் டீம், தானா அப்டேட் போடற அன்அட்டெண்டட் அப்கிரேட்ல ஆட்டோமேட்டிக் ரீபூட்டை ஆன் பண்ணி நேரம் 02:00-ன்னு வெச்சிருக்காங்க, கெர்னல் அப்டேட் வந்திருக்கு, அது தன் பாட்டுக்கு ரீபூட் பண்ணிடுச்சு.

ஹாட்ப்ளக், ஆமா, மூணு வாரம் முன்னாடி டேட்டாபேஸ் லாகுக்காக 16 ஜிபி-ல ஒரு என்விடிம்-ஐ (பவர் போனாலும் அழியாத மெமரி) லைவா சேர்த்தோம். அதுக்கு அப்புறம் ரீபூட் ஆனதே இல்ல, நேத்துதான் முதல் தடவை. ஆனா அது அன்னிக்கே நல்லா வேலை செஞ்சுதே, இப்ப ஏன் அண்ணா சைஸ் மாறணும்?

பழைய_சர்வர்:

அப்ப கதை முழுசாத் தெரிஞ்சு போச்சு. கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

ப்ரீகாப்பி, அதாவது கெஸ்ட் சோர்ஸ்ல ஓடிட்டு இருக்கறப்பவே மெமரியை அனுப்பற கட்டம், ஆரம்பிக்கறப்போ சோர்ஸ் க்யூமூ முதல்ல அனுப்பறது ஒரு பட்டியல், எந்தெந்த ராம் பிளாக், ஒவ்வொண்ணும் எவ்வளவு நீளம்னு. டெஸ்டினேஷன் அதைப் பார்த்துத் தன் பக்கம் சரி பண்ணிக்கும், அதுக்கு அப்புறம் எந்த மெமரி பேஜ் மாறிச்சுன்னு குறிச்சு வைக்கற பிட்மேப் எல்லாம் அந்த நீளத்தை நம்பித்தான் இருக்கு. பட்டியல் போனப்புறம் சோர்ஸ்ல நீளம் மாறவே கூடாது. சாதா ராம் மாறாது. ஆனா ஏசிபிஐ-க்குன்னு இருக்கற ஒண்ணு ரெண்டு பிளாக் மட்டும் நீள அகலம் மாறற மாதிரியே செஞ்சு வெச்சிருக்காங்க, ஏன்னா கெஸ்ட் ரீபூட் ஆகி ஃபர்ம்வேர் அந்த டேபிள்களைப் படிக்க வர்றப்போ, அந்த நிமிஷத்துல இருக்கற ஹார்டுவேரைப் பார்த்து க்யூமூ அதைப் புதுசாக் கட்டும்.

இப்ப உங்க விஷயம். என்விடிம்-ஐ லைவாச் சேர்த்தப்போ கெஸ்ட்டுக்கு அது வேற வழில தெரிஞ்சுடுச்சு, அதனால வேலை செஞ்சுது. ஆனா என்ஃபிட்னு ஒரு டேபிள், என்விடிம் இருந்தாத்தான் கட்டவே கட்டும், அது அடுத்த பூட்ல தான் பட்டியல்ல ஏறும். டேபிள்-லோடர்ல இருக்கறது எல்லாம் "இந்த டேபிளை இங்க வை, இந்த பாயின்டரைத் திருத்து, செக்சம் போடு"ங்கற கட்டளைகள், ஒவ்வொண்ணும் 128 பைட். மொத்தத்தையும் 4 கேபி-யோட மடங்கா நிரப்பி வைப்பாங்க, அதாவது 32 கட்டளை வரைக்கும் 4 கேபி, 33 வந்தா 8 கேபி. நுமா இருக்கு, டிபிஎம் இருக்கு, அதுக்கெல்லாம் தனித்தனி டேபிள் உண்டு, அதனால உங்க விஎம் ஏற்கெனவே 32-ஐ ஒட்டி நின்னிருக்கணும். என்ஃபிட் வந்து ரெண்டு கட்டளை கூடினதும் 4 கேபி 8 கேபி ஆயிடுச்சு. அதுவும் மைக்ரேஷன் ஓடிட்டு இருக்கற அந்தப் பத்து நிமிஷத்துக்குள்ள.

டேட்டா கெட்டுப் போச்சோன்னு பயப்படாதீங்க. 2021 ஆகஸ்ட்ல வந்த க்யூமூ 6.1-லேர்ந்து இந்த மாதிரி நீளம் மாறினா மைக்ரேஷனை ரத்து பண்ணிட்டு காரணத்தையும் எழுதிட்டு, கெஸ்ட்டை சோர்ஸ்லயே ஓட விட்டுடும். விர்ட்டியோ-மெம் (கெஸ்ட் மெமரியைக் கூட்டிக் குறைக்கற டிவைஸ்) எழுதின டேவிட் ஹில்டென்பிரான்ட் தான் இந்தப் பேட்ச்சையும் போட்டார். அதுக்கு முன்னாடி இந்தச் சோதனையே கிடையாது, மைக்ரேஷன் கோட் பழைய நீளத்தை நம்பிட்டே போகும், அதுதான் ஆபத்து. உங்களுக்கு அந்த வரி கிடைச்சதே நல்ல விஷயம், அந்தப் பேரு இல்லாட்டி இன்னும் மூணு நாள் பலூனையே தேடிட்டு இருந்திருப்பீங்க.

மல்லி_சர்வர்கள்:

பழைய_சர்வர் அண்ணா சொன்னது அப்படியே சரி. ஒரு விஷயம் சேர்த்துக்கறேன் கதிர் தம்பி, நீங்க இப்ப எதையும் மாத்த வேண்டாம். ரீபூட் ஏற்கெனவே முடிஞ்சுது, டேபிள்-லோடர் இப்ப 8 கேபி-ல நின்னுடுச்சு, இனிமே மைக்ரேஷன் ஆரம்பிச்சா பட்டியல்லயே 8 கேபி-ன்னு தான் போகும். நடுவுல ரீபூட் ஆகாம மட்டும் பார்த்துக்கோங்க, ஆகியே போனாலும் ஹார்டுவேர் மாறலன்னா நீளம் மாறாது.

ரெண்டு ஹோஸ்ட்டும் 6.2-ங்கறதால தப்பிச்சீங்க. 6.0-க்கு முன்னாடி இந்தத் துண்டுக்கு உச்ச அளவே 4 கேபி-லயே நின்னுடற கேஸ் இருந்துச்சு, டெஸ்டினேஷன்ல "சைஸ் டூ லார்ஜ்"னு இதே டேபிள்-லோடர் பேரோட எரர் வந்து லோடே ஆகாது. 6.0-ல அதை 64 கேபி ஆக்கினாங்க.

அப்புறம் என்விடிம்-ஓட பேக்கிங் ஃபைல் (அதோட டேட்டா நிஜமா இருக்கற ஃபைல்) ஹோஸ்ட் 2-ல அதே பாத்ல, அதே அளவுல இருக்கான்னு பாருங்க. இதை மறந்துட்டு நான் ஒரு ராத்திரி முழுக்க உக்காந்திருக்கேன்.

நெல்லை_லினக்ஸ்:

சரி, நான் பலூன்னு சொன்னது தப்பு, மன்னிச்சுக்கோங்க ப்ரோ. எனக்கு ஒரு சந்தேகம், மைக்ரேஷன் நடுவுல நிஜமாவே மெமரி கூட்டணும்னா என்ன பண்றது? எங்ககிட்ட மாசக் கடைசில ரிப்போர்ட் ஓடறப்போ கெஸ்ட்டுக்கு உடனே 8 ஜிபி தேவைப்படும், அந்த நேரம் பார்த்து மைக்ரேஷன் ஓடிட்டு இருக்கும்.

பழைய_சர்வர்:

கூட்ட முடியாது, முயற்சியும் பண்ணாதீங்க. டிம் ஹாட்ப்ளக்னா அது புது ராம் பிளாக், மைக்ரேஷன் ஓடறப்போ டிவைஸ் ஆடு, டிவைஸ் டெல் ரெண்டையும் க்யூமூவே மறுத்துடும்.

விர்ட்டியோ-மெம் வேற மாதிரி. அதுல ராம் பிளாக் முழு நீளத்துக்கும் முதல்லயே இருக்கும், உள்ள துண்டு துண்டா ப்ளக், அன்ப்ளக் நடக்கும். மைக்ரேஷன் ஓடறப்போ கெஸ்ட் "இந்தத் துண்டைக் குடு"ன்னு கேட்டா க்யூமூ "பிஸி"ன்னு பதில் சொல்லும், கெஸ்ட் டிரைவர் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி கேட்கும். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தப்புறம் கிடைச்சுடும். அதனால 8 ஜிபி கூட்டிட்டு உடனே மைக்ரேட் பண்ணீங்கன்னா பாதி மெமரியோட கெஸ்ட் தொங்கிட்டு இருக்கும், எரர் எதுவும் வராது, அதுதான் கண்டுபிடிக்கக் கஷ்டம். விஎம் விவரம் காட்டற டம்ப்எக்ஸ்எம்எல்-ல ரிக்வெஸ்டட், கரண்ட் ரெண்டும் ஒரே எண் ஆன பிறகுதான் மைக்ரேட் பண்ணணும். இதுக்கு க்யூமூ 5.1, கெஸ்ட் கெர்னல் 5.8, லிப்விர்ட் 7.9 குறைஞ்சபட்சம் வேணும்.

கதிர், உங்களுக்கு ஒரு வேலை. ராத்திரி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கெஸ்ட்ல ஏற்கெனவே ரீபூட் ஷெட்யூல் ஆகி நிக்குதான்னு பாருங்க, நின்னா ஷட்டவுன் கமாண்டை மைனஸ் சி-யோட போட்டா ரத்து ஆயிடும். ஆட்டோமேட்டிக் ரீபூட்டை ஃபால்ஸ் ஆக்கறது அந்த டீம்கிட்ட பேசிட்டுப் பண்ணுங்க. ரீபூட்டுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துடலாம்னு கணக்குப் போடாதீங்க, 1 ஜிபிபிஎஸ் லைன்ல டேட்டாபேஸ் எழுதிட்டே இருந்தா முதல் ரவுண்டுக்கு அப்புறம் எத்தனை ரவுண்டு போகும்னு சொல்லவே முடியாது.

கதிர்_ஹோஸ்ட்2:

முடிஞ்சுது!! ராத்திரி 11:20-க்கு ஆரம்பிச்சேன், 22 நிமிஷத்துல போய்ச் சேர்ந்துடுச்சு. மல்லி அக்கா சொன்ன மாதிரி எதையும் மாத்தல, என்விடிம் ஃபைல் மட்டும் ஹோஸ்ட் 2-ல வேற டைரக்டரில இருந்துச்சு, அதைச் சரி பண்ணலன்னா இன்னிக்கும் மாட்டியிருப்பேன். அக்காவுக்கு ரொம்ப நன்றி.

டேட்டாபேஸ் டீம் ரீபூட் நேரத்தை ஞாயிறு மதியத்துக்கு மாத்திட்டாங்க. இனிமே எந்த விஎம்-ல லைவா எதைச் சேர்த்தாலும் "அடுத்த பூட் பாக்கி"ன்னு ஷீட்ல ஒரு நெடுவரிசை போட்டுட்டேன், மைக்ரேட் பண்றதுக்கு முன்னாடி அதைப் பார்க்கணும்னு. கிரான் ஸ்கிரிப்ட்லயும் ஒரு செக் சேர்த்தாச்சு, டொம்ஜாப்இன்ஃபோ-ல ஜாப் ஓடுதுன்னா செட்மெம் போடாமத் திரும்பிடும்.

பழைய_சர்வர் அண்ணா, ஒரே ஒரு கேள்வி பாக்கி. இதே ரீபூட் போஸ்ட்காப்பிக்கு மாறினப்புறம் ஆகியிருந்தா?

பழைய_சர்வர்:

போஸ்ட்காப்பில கெஸ்ட் ஏற்கெனவே அந்தப் பக்கம் ஓட ஆரம்பிச்சிருக்கும் தம்பி, பாக்கி மெமரி சோர்ஸ்லேர்ந்து பின்னாடி வரும், ரீபூட்டும் அங்கதான் ஆகும். நீளம் வளர்ந்தா வளர்ந்த பகுதி சோர்ஸ்ல இல்லவே இல்ல, அங்கேர்ந்து கொண்டு வர எதுவும் கிடையாது, அதனால ஓட ஆரம்பிச்சப்புறம் க்யூமூ அதைக் கண்டுக்காது. ஆனா லைன் நடுவுல அறுந்தா கெஸ்ட் பாதி இங்க பாதி அங்கன்னு நின்னுடும், டேட்டாபேஸ் விஎம்-க்கு நான் போஸ்ட்காப்பியை ஆன் பண்றதே இல்ல. அந்த டிம்-ஐ மாத்தினப்புறம் மெம்டெஸ்ட் ஒரு முழு ரவுண்டாவது ஓட விட்டுட்டு அப்புறம் விஎம்-களைத் திருப்பிக் கொண்டு வாங்க.