டர்பனில் மரம் பார்க்கும் தொழில்: என்ன பெயர், என்ன சின்னம் வைக்கலாம்?

சாட்ஸ்வர்த் மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவள். கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவில் இருக்கும் டர்பன் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரருக்கு மரம் ஏறுவதுதான் தொழில். கணக்கு, போன், விளம்பரம் எல்லாம் என் பொறுப்பு.

இது மாமனார் ஆரம்பித்தது. ஒரு செயின்சா, ஒரு வடக்கயிறு, ஒரு பழைய பக்கி (இங்கே பிக்கப் வண்டியை அப்படித்தான் சொல்வோம்). அவ்வளவுதான் அவருடைய முதல். எங்கள் பகுதியான சாட்ஸ்வர்த்தில் எந்த வீட்டு முற்றத்தில் மாமரமோ அவகாடோ மரமோ கூரையில் சாய்ந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பெயர் சொல்ல மாட்டார்கள், 'ட்ரீ அங்கிள்' என்பார்கள். போன வருஷம் தவறிவிட்டார்.

என் வீட்டுக்காரர் வேறு மாதிரி. கயிறேற்றம், கவாத்து (மரம் கெடாமல் கிளை கழிப்பது) எல்லாம் முறையாகப் படித்தவர். உயிரோடு நிற்கிற மரத்தில் ஆணிச்செருப்பு போட்டு ஏற மாட்டார், பட்டை காயப்படும் என்பார். ஆனால் வருகிற பத்து அழைப்பில் எட்டு 'வெட்டிப் போட எவ்வளவு?' என்றுதான் கேட்கிறது. டர்பன் பக்கத்தில் க்ளூஃபில் ஒரு அம்மா எங்கள் பக்கியின் கதவில் இருந்த செயின்சா படத்தைப் பார்த்துவிட்டு, 'நீங்கள் வெட்டுகிறவர்கள்தானே, எனக்கு மரத்தைக் காப்பாற்ற ஆள் வேண்டும்' என்று கேட்டைத் திறக்கவே இல்லை. அன்று இரவு என் வீட்டுக்காரர் சரியாகச் சாப்பிடவில்லை.

அதனால் பெயர், சின்னம், நிறம் எல்லாவற்றையும் புதிதாக வைக்கலாம் என்று ஒரு டிசைனரிடம் போனோம். மூன்று படம் கொடுத்தார்: குறுக்காக வைத்த இரண்டு கோடாலி, உருண்டையாக ஒரு பச்சை மரம், கயிற்றில் தொங்கும் ஆள். மூன்றும் மனதில் ஒட்டவில்லை.

என் யோசனைகள் இரண்டு. ஒன்று, ஜூலு மொழியில் மரத்துக்கும் மருந்துக்கும் 'உமுத்தி' என்று ஒரே சொல், அதைப் பெயராக வைக்கலாமா? இரண்டு, சிரிங்கா இலையைச் சின்னமாக வைக்கலாமா? என் மாமியார் மாரியம்மன் கூழ் பூஜைக்கு வேப்பிலை கிடைக்காதபோது அதைத்தான் பறிப்பார். வேம்புக்கு உறவுக்கார மரம். வீட்டு ஞாபகம் இருக்கிற சின்னமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். தயவுசெய்து மறைக்காமல் சொல்லுங்கள்.

பக்கி எழுத்துக்காரன் எழுதியது:

தங்கச்சி, நான் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் வண்டிகளுக்கு எழுத்தும் படமும் ஒட்டுகிறவன். இருபது வருஷமாக இதுதான் வேலை.

முதலில் உமுத்தி. அர்த்தம் அழகுதான். ஆனால் டர்பன் விளக்குக் கம்பங்களில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களை நினைத்துப் பாருங்கள். போன காதலி திரும்பி வருவாள், கடன் தீரும் என்று நாட்டு வைத்தியர்கள் ஒட்டுவது. இங்கே 'முத்தி' என்றாலே ஜனங்களுக்கு அந்த வைத்தியம்தான் ஞாபகம் வரும். உங்கள் பக்கியைப் பார்த்து மூலிகை கேட்டு போன் வரும். ஜூலுச் சொல்தான் வேண்டும் என்றால் கிளைக்கு 'இகாட்ஷா', வேருக்கு 'இம்பாண்டே' இருக்கின்றன. எதுவானாலும் அந்த மொழி பேசும் நான்கு பேரிடம், முக்கியமாக உங்கள் ஆட்களிடம், முதலில் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், பெயர் உங்கள் கையிலேயே இருக்கிறது. 'ட்ரீ அங்கிள்'! ஊரே சேர்ந்து வைத்த பெயர் அது. காசு கொடுத்தாலும் அப்படி ஒன்று கிடைக்காது. 'டர்பன் ட்ரீ ஃபெல்லிங்' (மரம் வெட்டுதல்) மாதிரி தொழிலை மட்டும் சொல்லும் பெயரை டிரேட்மார்க்காகப் பதிவதும் கஷ்டம், அந்தச் சொற்கள் எல்லோருக்கும் பொது. கம்பெனிப் பதிவும் டிரேட்மார்க்கும் ஒரே அலுவலகம்தான், சி.ஐ.பி.சி. ஆனால் இரண்டும் வெவ்வேறு பதிவு. மரப் பராமரிப்பு, தோட்ட வேலை எல்லாம் டிரேட்மார்க் வகைகளில் 44ஆம் வகுப்பில் வரும். பதிவு கிடைத்தால் பத்து வருஷம், அப்புறம் புதுப்பிக்கலாம். பெயரை ஒட்டுவதற்கு முன்னால் அங்கே தேடிப் பாருங்கள். ஒட்டிய பிறகு பிய்த்தால் பெயின்டும் சேர்ந்து வரும்.

வண்டிக்கு ஒரு விஷயம். ரோபோவில் (டிராஃபிக் சிக்னலில்) சிவப்பு விழுந்து பின்னால் நிற்கிறவர் படிக்கும் நேரம்தான் உங்களுக்கு. பெயர், என்ன வேலை, போன் நம்பர், மூன்றே போதும். வேலையைச் சொல்லும் வரியில் 'ஃபெல்லிங்' என்ற சொல்லை முழுக்க எடுத்துவிடாதீர்கள், ஜனங்கள் கூகுளில் அதைத்தான் தட்டுகிறார்கள். 'மரப் பராமரிப்பு' முதலில் பெரிதாக, 'வெட்டுதல்' பின்னால் சின்னதாக வரட்டும். கரும்பச்சை வேண்டாம். இந்தத் தொழிலில் எல்லோரும் பச்சை, அதிலும் மரத்தடியில் நின்றால் வண்டியே தெரியாது. வெள்ளை பக்கியில் கருப்பு எழுத்து, ஆட்களுக்கு ஆரஞ்சு ஹெல்மெட். அந்த ஆரஞ்சையே உங்கள் நிறமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே மரத்தின் மேலே அது தெரிகிறதே.

நர்சரி ஆயா எழுதியது:

மகளே, சிரிங்கா இலையை வைக்காதே. ஞாபகம் உன்னுடையது, அதைக் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் அந்த இலைதான். ஆனால் இந்த நாட்டில் அது ஆக்கிரமிப்பு மரப் பட்டியலில் இருக்கிறது. 2014இல் விதிமுறை வந்தபோதே சேர்த்துவிட்டார்கள். க்ளூஃபிலும் வெஸ்ட்வில்லிலும் உள்ளூர் மரம் மட்டும் வளர்க்கிறவர்கள் உன் கதவில் அந்த இலையைப் பார்த்தால் மறுபடியும் கேட்டைத் திறக்க மாட்டார்கள்.

எங்கள் முற்றத்தில் ஒரு அவகாடோ நின்றது. பல வருஷம் முன்னால் ஒரு வெட்டும் கோஷ்டி வந்து, நிழல் அதிகம் என்று தலையை அப்படியே சமமாக வெட்டிவிட்டுப் போனது. அதுவரை நிழலில் இருந்த பட்டை ஒரே கோடையில் வெயிலில் வெடித்தது. வெட்டின இடத்தைச் சுற்றி விளக்குமாறு மாதிரி கொத்துக் கொத்தாகக் கிளை வந்தது, காற்றடித்தால் ஒவ்வொன்றாகப் பிய்ந்து விழும். மூன்றாம் வருஷம் மரமே போய்விட்டது. அதனால்தான் உன் கேள்விக்கு உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

உன் புருஷன் நல்ல கவாத்துக்காரர் என்றால் அவருடைய சின்னம் மரத்திலேயே இருக்கும். கிளை தண்டோடு சேரும் இடத்தில் கழுத்துச் சதை மாதிரி ஒரு வீக்கம் இருக்கிறதே, அதைத் தொடாமல், அதற்கு வெளியே அறுக்க வேண்டும். கனமான கிளையானால் மூன்று வெட்டு: தள்ளி நின்று கீழிருந்து ஒன்று, அதற்குக் கொஞ்சம் வெளியே மேலிருந்து ஒன்று, மிச்சத் துண்டைக் கடைசியாகக் கழுத்தருகில். இல்லாவிட்டால் விழுகிற கிளை பட்டையை உரித்துக்கொண்டு இறங்கும். சரியாக அறுத்தால் வெட்டுவாயைச் சுற்றிப் புதுப்பட்டை வளையமாக, மெதுவடை மாதிரி உருண்டு வரும். தண்டோடு ஒட்ட வழித்து அறுத்திருந்தால் இரண்டு பக்கமும் மட்டும் உதடு மாதிரி வரும், மேலும் கீழும் மூடாது. குச்சியை நீட்டி விட்டிருந்தால் ஒன்றும் வராது, அது உளுத்துப்போகும். ஒரு வளையத்தைப் பார்த்தே அறுத்தவன் கையைச் சொல்லிவிடலாம். காயத்துக்குத் தார் பூச வேண்டியதும் இல்லை, மரம் தானே மூடிக்கொள்ளும்.

அந்த வளையத்தைச் சின்னமாக வை. செயின்சா படம் யாரும் போடலாம். அந்த வளையத்தைப் போடுகிறவன் அப்படி அறுத்தே ஆக வேண்டும்.

இன்னொன்று. 2017இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவில் ஒரு துளைவண்டு கண்டுபிடித்தார்களே, அவகாடோ, ஓக், பிளேன் மரம் எல்லாவற்றிலும் ஏறுகிறது. பேனா முனையளவுதான் ஓட்டை. வண்டு உள்ளே ஒரு பூஞ்சையைக் கொண்டுபோய் வளர்க்கிறது, அதுதான் மரத்தைக் கொல்கிறது. ஒரு மரம் முடிந்து அடுத்த மரத்துக்குப் போகும்முன் ரம்பத்தைத் துடைத்துச் சுத்தம் செய்வதை வாடிக்கையாளர் கண் முன்னால் செய்யச் சொல். வண்டு பிடித்த விறகை ஊர் தாண்டி ஏற்றக் கூடாது. 'குணப்படுத்துகிறோம்' என்று போர்டில் எழுதாதே, நிச்சயமான மருந்து இன்னும் இல்லை.

பீனிக்ஸ் வாடிக்கையாளர் எழுதியது:

அக்கா, நான் மரம் வெட்ட ஆள் கூப்பிட்டவள் மட்டும்தான். எனக்கு ஞாபகம் இருப்பது சின்னம் இல்லை. வந்தவர்கள் என் துணிக்கொடியை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் திரும்பக் கட்டிவிட்டுப் போனார்கள். மரத்தூளைக் கூட்டி அள்ளினார்கள். விலையை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுத்தார்கள். விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று நான் கேட்கும் முன்னாலேயே தாளைக் காட்டினார்கள். அந்தத் தாளும் உங்கள் புதுச் சின்னத்தோடு இருக்கட்டும்.

சாட்ஸ்வர்த் மருமகள் எழுதியது:

ஆயா, அண்ணா, தங்கை, மூன்று பேருக்கும் நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை. ஆயா எழுதியதை வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் எழுந்து சாவியை எடுத்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் தனியாகச் செய்த முதல் வேலை, ஒரு வீட்டு மாமரம். அந்த வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போனோம். ஓட்டின் மேல் சாய்ந்திருந்த கிளையை எடுத்த இடத்தில் வளையம் நன்றாக உருண்டு, நடுவில் ஒரு ராண்ட் காசு அளவுக்குத்தான் பழைய மரம் தெரிந்தது. அவர் அதைத் தடவிக்கொண்டே நின்றார். நான் போனில் படம் எடுத்தேன்.

பக்கத்துக் கிளையில் மாமனார் அறுத்த பழைய வெட்டு ஒன்றும் இருந்தது. வழித்து அறுத்தது. இரண்டு பக்கமும் உதடு, நடுவில் பொந்து. 'அப்பாவுக்கு அந்தக் காலத்தில் யாரும் சொல்லித்தரவில்லை' என்றார்.

பெயர் ட்ரீ அங்கிள் என்றே முடிவு செய்துவிட்டோம், தேடிப் பார்த்துவிட்டுப் பதிகிறோம். விலை எழுதும் தாளில் இரண்டு வரி சேர்த்திருக்கிறேன்: மருலா மாதிரி பாதுகாக்கப்பட்ட மரமா, நகராட்சியின் டிமாஸ் பசுமை நிலத்துக்குள் வருகிறதா என்று பார்த்த பிறகே ரம்பம் எடுப்போம் என்று. 1998 வனச் சட்டப்படி, பட்டியலில் உள்ள மரத்தை லைசென்ஸ் இல்லாமல் கிளைகூட வெட்ட முடியாது. பலருக்கு அது தெரிவதில்லை, மாட்டிக்கொண்ட பிறகு எங்களைக் கூப்பிடுகிறார்கள்.

சின்னத்தை அவரே செயின் ஆயில் அட்டைப்பெட்டியின் பின்பக்கம் பென்சிலால் வரைந்தார். வளையம் கச்சிதமான வட்டமாக இல்லை, கீழ்ப்பக்கம் கொஞ்சம் தடிப்பு, நடுவில் சின்ன இடைவெளி. டிசைனர் அதைச் சரியான வட்டமாக்கி அனுப்பினார். வேண்டாம், மரத்தில் இருக்கிற மாதிரியே இருக்கட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.

அண்ணா, பக்கிக் கதவில் அந்த வளையம் எத்தனை சென்டிமீட்டர் இருந்தால் ரோபோவில் நிற்கிறவருக்குத் தெரியும்? ஆரஞ்சில் போடவா, கருப்பில் போடவா?

பக்கி எழுத்துக்காரன் எழுதியது:

நாற்பது சென்டிமீட்டர் வை, அதற்குக் குறைய வேண்டாம். வளையம் ஆரஞ்சு, எழுத்து கருப்பு. பென்சில் படத்தை அட்டையோடு அப்படியே கொண்டுவா, அதிலிருந்தே வெட்டிவிடலாம்.