வானிலைக் கருவியின் பழைய தரவை மீட்க உதவி தேவை
வணக்கம். வால்பாறையில் எங்கள் வீட்டு மாடியில் சின்ன வானிலைக் கருவி ஒன்று வைத்திருக்கிறேன், ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் வீவெக்ஸ் (கருவியின் அளவுகளைச் சேமிக்கும் மென்பொருள்) ஓடுகிறது, அங்கிருந்து வெதர் அண்டர்கிரவுண்ட் என்ற வானிலை இணையதளத்துக்குத் தரவு போகிறது. போன தென்மேற்குப் பருவமழையில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் மெமரி கார்டு செத்துவிட்டது, நகலும் இல்லை (சோம்பேறித்தனம்தான், திட்டாதீர்கள்). தளத்தில் இருக்கும் பழைய பதிவுகளை இறக்கி மறுபடி வீவெக்ஸுக்குள் யாராவது ஏற்றியிருக்கிறீர்களா?

அப்புறம் மழைக்கணக்கு. இந்திய வானிலை ஆய்வு மையம் காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை ஒரு நாளாக எடுக்கிறது, என் கருவியோ நள்ளிரவில் பூஜ்ஜியமாகிவிடுகிறது, அதனால் ராத்திரி கொட்டிய மழை இரண்டு நாளாகப் பிரிந்து, ஒப்பிடவே முடியவில்லை. நீங்கள் எந்தக் கணக்கில் சேமிக்கிறீர்கள்? மாதிரி எக்செல் தாள் இருந்தால் அனுப்புங்கள்.