மார்ட்டினி கலங்கிப் போகுது, கைகொடுங்க மக்களே

சனிக்கிழமை மச்சான் வர்றார். போன தடவை நான் போட்ட மார்ட்டினி காக்டெய்லை ஒரு வாய் குடிச்சிட்டு, "மாப்ள, இது என்ன ஊறுகாய்த் தண்ணியா?"ன்னு கேட்டார். மானம் போச்சு.

60 மில்லி ஜின், 10 மில்லி டிரை வெர்மூத். ஷேக்கர் இல்லாததால ஹார்லிக்ஸ் பாட்டில்ல ஐஸ் போட்டுக் குலுக்கினேன். இளநீர் மாதிரி கலங்கி, மேல பொடி ஐஸ் மிதந்துச்சு. குலுக்காம 30 நொடி கலக்கணும்னு இப்பத்தான் புரிஞ்சுது. வெர்மூத் ஒயின் வகையாம், திறந்தா ஃப்ரிட்ஜ்ல வெச்சு ஓரிரு மாசத்துல தீர்க்கணும். நான் பொங்கலுக்குத் திறந்ததை அடுப்புக்கு மேல் ஷெல்ஃப்ல வெச்சிருந்தேன். சென்னை மே மாசம், கேக்கணுமா? புளிச்ச வாடை.

புது பாட்டில் வாங்கிட்டேன். இனி உங்க உதவி.

மச்சானுக்கு வோட்கா, எனக்கு ஜின். ஒரே கிளாஸ்ல 30-30 கலந்தா ஜின் வாசனை அமுங்கிடுமா? ஜின் 42.8 சதவீதம், ஃப்ரீசர்ல உறையாது. ஆனா அவ்வளவு சில்லுனு இருந்தா ஐஸ் கரைஞ்சு தண்ணி சேராதே, தனியா சேர்ப்பீங்களா?

மார்ட்டினில போட நம்ம எலுமிச்சைத் தோல் சரிவராது; மெல்லிசு, சீவினா கசக்குது. தடித்தோல் மஞ்சள் எலுமிச்சையும் முழுப் பச்சை ஆலிவும் வேளச்சேரி பக்கம் எங்க கிடைக்கும்? பீட்சா மேல போடுற கருப்பு வட்டத்தைச் சொல்லாதீங்க, போன தடவை அதைத்தான் போட்டேன்.